முருங்கையில் மயிர்க்கொட்டி: கொளுத்தாமல், நஞ்சடிக்காமல் ஒழிக்கிற வழி

எங்கள் கிணற்றடிக் குளியலறைக்குத் தகரக் கூரை. அதற்கு நேர் மேலே முருங்கையின் பெரிய கொப்பு. நவம்பரில் ஒரு இரவு, மழை விட்டு வானம் வெளித்த பிறகும் தகரத்தில் தூறல் விழுகிற மாதிரிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. டோர்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே போய்க் கையை நீட்டினேன். விழுந்தது தண்ணீர் இல்லை, மிளகை விடச் சின்னக் கறுப்புக் குருணி. மயிர்க்கொட்டியின் எச்சம். மேலே கூட்டமாக இருந்து இலை தின்றுகொண்டிருக்கின்றன, அதுதான் அந்தத் தூறல்.

பக்கத்து வளவு மாமி வேலிக்கு அங்கால் நின்றே சொன்னார்: "மனே, விடிய ஒரு சூளக் கொளுத்திக் காட்டி விடு, எல்லாம் பொத்துப் பொத்தென்டு விழும்." ஊரில் எல்லாரும் செய்கிறதுதான். நானும் செய்தேன். காய்ந்த தென்னோலையைக் கட்டி, மண்ணெண்ணெய் தெளித்து, அடிமரத்தில் அப்பிக் கிடந்த கூட்டத்துக்குக் கீழே பிடித்தேன். விழுந்தன, பொய் சொல்லக் கூடாது. ஆனால் எரிந்த மயிர் புகையோடு கிளம்பிக் கொடியில் காய்ந்த உடுப்பு முழுக்கப் படிந்தது. அன்றைக்கு அந்த உடுப்பைப் போட்ட என் மகளுக்குக் கழுத்திலிருந்து இடுப்பு வரை தடித்து, இரண்டு நாள் பள்ளிக்கூடம் இல்லை. மரத்துக்கும் நல்லதாக முடியவில்லை. தீப்பட்ட பக்கம் பட்டை வெடித்துக் கறுத்து, மழைத்தண்ணீர் இறங்கி உக்கி, அடுத்த வருடக் காற்றில் அந்தக் கொப்பு தகரத்தின் மேலேயே விழுந்தது. முருங்கை பருத்தால் தூணாகுமா என்று பழமொழியே இருக்கிறது, அதைக் கொளுத்தியும் வைத்தால் எப்படி நிற்கும்?

அதற்குப் பிறகு வந்த மாரிகளில் தீயும் இல்லை, நஞ்சும் இல்லை. பேசின், சவர்க்காரம், ஒரு நீளத் தடி, இவ்வளவோடு சமாளிக்கிறேன். முக்கியமாகச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: இலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள், அடிமரத்தைப் பாருங்கள். இந்தச் சாதி மயிர்க்கொட்டி இரவில் பரவித் தின்னும், பகலில் அடிமரத்திலும் தடித்த கொப்புகளிலும் ஒன்றாகக் கூடிப் படுக்கும். இருபத்தைந்து அடி உயர மரத்தில் இலை இலையாக அதைத் துரத்த யாராலும் முடியாது. ஆனால் காலையில் அது தானாகவே கையெட்டும் இடத்துக்கு வந்து படுத்துக்கொள்கிறது. நமக்கு வேண்டியது அந்த இரண்டு மணித்தியாலம்தான்.

முதலில், உங்கள் மரத்தில் இருப்பது எது?

மரத்தில் புழு என்றவுடன் எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம் செய்யப் போகாதீர்கள். முருங்கையில் வருவது பழுப்பு நிறம், உடம்பு முழுக்க அடர்ந்த மயிர், கூட்டமாக இருக்கும். விஞ்ஞானப் பெயர் யூப்டெரோட் மொலிஃபெரா. இதன் அந்துப்பூச்சி பெரியது, வெளிறிய மஞ்சள் கலந்த பழுப்புச் சிறகு, அதில் மங்கலான கோடுகள். மழை தொடங்கியதும் வெளியே வந்து இலையிலும் இளந்தண்டிலும் குவியலாக முட்டை வைக்கும். அதனால்தான் நம் கிழக்கிலங்கைக் கரைப் பக்கத்தில் ஒக்டோபர் மழைக்குப் பின்னால் இதன் தொல்லை தொடங்குகிறது.

தேசி மரத்திலும் கறிவேப்பிலையிலும் இருப்பது வேறு. சின்னதில் குருவி எச்சம் மாதிரிக் கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும், வளர்ந்தால் மொழுமொழுவென்று பச்சை. தொட்டால் தலைக்குப் பின்னால் செம்மஞ்சள் நிறத்தில் இரண்டு கொம்பை நீட்டி ஒரு நாற்றம் விடும். அது வண்ணத்துப்பூச்சியின் புழு, கடிக்காது, சுணைக்காது. சின்னக் கன்று என்றால் கையால் எடுத்து விடுங்கள், பெரிய மரம் என்றால் தின்னட்டும்.

மாவிலையில் இரண்டு பக்கமும் இறகு வைத்தது மாதிரி, இலை நடு நரம்போடு நரம்பாக ஒட்டிக் கிடக்கிற பச்சைப் புழுவும் அப்படித்தான், பார்க்கத்தான் பயம். ஆனால் மாவிலும் தென்னோலையிலும் அடிப்பக்கத்தில் குட்டையாக, பச்சையாக, முள்ளுக் கொத்துகளோடு ஒன்று இருக்கும், காலே தெரியாது, நத்தை மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். அதைத் தொட்டவர்களுக்குத் தெரியும், நெருப்புச் சுட்டது மாதிரி இருக்கும். அந்த இலையைக் குறட்டால் பிடித்து வெட்டிச் சவர்க்காரத் தண்ணீரில் போடுங்கள், கையை மட்டும் வைக்காதீர்கள்.

தென்னையில் கீழ் ஓலைகள் எரிந்தது போலக் காய்ந்து, ஓலையின் அடியில் நூலும் எச்சமும் சேர்ந்து சுரங்கம் மாதிரி ஓடியிருந்தால் அது கருந்தலைப் புழு. அது தனி விஷயம். மோசமான கீழ் ஓலைகளை வெட்டி அப்புறப்படுத்திவிட்டு, உங்கள் பகுதித் தென்னைப் பயிர்ச்செய்கைச் சபை உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். அந்தப் புழுவைத் தாக்கும் சின்னக் குளவிகளை வளர்த்து விடுகிற முறை நம் நாட்டில் நெடுநாளாக இருக்கிறது. ஒரு வீட்டு மரத்தோடு நிற்கிற பிரச்சினை இல்லை, அயல் முழுக்கப் பார்க்க வேண்டும்.

இனி முருங்கை மயிர்க்கொட்டியைப் பார்ப்போம்.

ஒழிக்கத்தான் வேண்டுமா?

இதை யாரும் கேட்பதில்லை, ஆனால் முதலில் கேட்க வேண்டியது இதுதான். நல்ல வேர் பிடித்த முருங்கை இலை முழுவதும் போனாலும் சாகாது, மாரித் தண்ணீர் இருக்கிறது, சில வாரத்தில் மறுபடி துளிர்க்கும். மரம் வளவின் கடைசி மூலையில் நிற்கிறது, அந்தப் பக்கம் யாரும் போவதில்லை, உடுப்புக் கொடி இல்லை என்றால் சும்மா விடுங்கள். செண்பகம் வந்து தின்னும், குயிலினத்துப் பறவைகளுக்கு மயிருள்ள புழு என்றால் விருப்பம். கோழியை நம்பாதீர்கள். மயிரைக் கண்டால் அது ஒதுங்கிப் போய்விடும், என்னுடைய கோழிகள் ஒன்றைக் கொத்திப் பார்த்துவிட்டு அலகை மண்ணில் தேய்த்ததைக் கண்டிருக்கிறேன்.

மரம் கிணற்றடியில், பிள்ளைகள் நடக்கிற வழியில், குளியலறைக்கு மேலே, படுக்கையறை யன்னலுக்குப் பக்கத்தில் என்றால் கட்டாயம் இறங்க வேண்டும். இங்கே காப்பாற்றப் போவது தோலையும் கண்ணையும், இலையை இல்லை. அதை மனதில் வைத்தால் பின்னால் வருகிற வேலைகளில் எது அவசரம் எது இல்லை என்று தானாகவே விளங்கும்.

முதல் மழையிலிருந்தே தொடங்குங்கள்

முதல் பெரிய மழை விழுந்த அன்றும் அடுத்த இரண்டு மூன்று இரவும் அந்துப்பூச்சி விளக்கைத் தேடி வரும். மரத்துக்கு அருகில் இருக்கிற வெளி விளக்குகளை அணைத்துவிட்டு, வளவின் திறந்த பக்கத்தில் ஒரு பல்பைத் தொங்கவிட்டு அதற்குக் கீழே அகலமான பேசினில் சவர்க்காரத் தண்ணீர் வையுங்கள். பொழுதுபட்டதிலிருந்து இரண்டு மூன்று மணித்தியாலம் போதும். வயர் நனையாமல், பல்ப் தண்ணீரில் விழாமல் கட்டுவது உங்கள் பொறுப்பு, மழையில் கரண்டோடு விளையாட வேண்டாம். ஈசலும் நிறைய விழும், நல்ல பூச்சியும் விழும், அதனால் மாரி முழுக்க இதை எரிய விடாதீர்கள். இதனால் முற்றாக நிற்குமா என்றால் நிற்காது, பக்கத்து வளவிலிருந்தும் வரும். குறையும்.

பிறகு வருகிற வாரத்தில் எட்டுகிற கொப்புகளின் இலையடியைத் திருப்பிப் பாருங்கள். முட்டைக் குவியலோ, இப்போதுதான் பொரித்து ஒரே இலையில் நெருக்கியடித்துக்கொண்டிருக்கிற குஞ்சுப் புழுவோ கண்டால் அந்த ஈர்க்கோடு ஒடித்துத் தண்ணீரில் போடுங்கள். இந்த நேரத்தில் ஒரு இலை ஒடித்தால் முடிகிற வேலைக்குப் பிந்தினால் ஒரு கிழமை போகும்.

எட்டாத மரத்துக்கு ஒரு தந்திரம்: இரவில் மரத்தடியில் பழைய வெள்ளைச் சீலை ஒன்றை விரித்து வையுங்கள், காலையில் பாருங்கள். கறுப்புக் குருணி விழுந்திருந்தால் மேலே ஆள் இருக்கிறது. எந்தக் கொப்புக்கு நேர் கீழே அதிகமோ அந்தக் கொப்பில்தான் கூட்டம். குருணி பெரிதாகப் பெரிதாகப் புழுவும் பெரிதாகிறது. எங்கள் வீட்டில் இந்த வேலையைத் தகரமே செய்துவிடுகிறது.

வேப்பங்கொட்டைக் கரைசல்

புழு சின்னதாக இருக்கும்போது மட்டும்தான் இது பிடிக்கும், இரண்டு அங்குலத்துக்கு வளர்ந்ததற்கு அடித்தால் நேரம்தான் வீண். நம் பக்கத்து வேம்பு ஆடி ஆவணியில் பழம் கொட்டும். அப்போதே பொறுக்கி, சதை கழுவி, நிழலில் காயவைத்துச் சாக்கில் போட்டு வையுங்கள். தேவைப்படும்போது ஓட்டை நீக்கி, உள்ளிருக்கும் பருப்பு 50 கிராமை இடித்து ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, காலையில் சீலையால் வடித்து, சவர்க்காரம் சிறிது கரைத்துச் சேர்க்க வேண்டும். பத்து லீற்றருக்கு அரைக்கிலோ என்று கணக்கு. பாலை ஊற்றித் தண்ணீர் விட்டது போல ஒரு நிறம் வரும். அன்றைக்கே அடித்து முடியுங்கள், வைத்திருந்தால் வேலை செய்யாது. வெயில் இறங்கிய பிறகு, மழை வராத மாலையில், இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடியுங்கள். நவம்பரில் மழை வராத மாலையை எங்கே தேடுவது என்று கேட்பீர்கள், அது நியாயம்தான். மழை அடித்துக்கொண்டு போனால் மறுபடி அடிக்க வேண்டும், வேறு வழி இல்லை.

பசிலஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பக்டீரியாவில் செய்த தூள் கடையில் கிடைத்தால் அதுவும் இதே மாதிரித்தான். புழு அதைத் தின்றால்தான் வேலை செய்யும், மேலே பட்டால் ஒன்றும் ஆகாது. சின்னப் புழுவுக்கு மட்டும், மாலையில் மட்டும். முருங்கைப் பூவுக்கு வருகிற தேனீக்குப் பயமில்லை, அது ஒரு நிம்மதி.

காலை வேட்டை

இதுதான் முக்கியமான வேலை, இதைச் சரியாகச் செய்தால் மற்றவற்றில் பாதி தேவையில்லை.

காலை ஆறரைக்கு மரத்தடிக்குப் போங்கள், கையில் ஒன்றும் எடுக்காமல் முதலில் பார்க்க மட்டும். ஈரச் சாக்குத் துண்டை மரத்தில் ஒட்டிவிட்டது போலத் தெரியும். கிட்டப் போனால்தான் அந்தச் சாக்கு மூச்சு விடுகிறது என்று தெரியும். எல்லாத் தலையும் ஒரு பக்கமாக, ஒன்றின் முதுகில் ஒன்று சாய்ந்து, மயிரில் மழைத்துளி குண்டூசித் தலை மாதிரி நிற்கும். உங்கள் நிழல் விழுந்தால் கூட்டம் முழுக்க ஒரே தரத்தில் தலையைச் சுண்டும். எனக்கு இன்றைக்கும் அந்த இடத்தில் முதுகு கூசும். எத்தனை கூட்டம், எந்த உயரத்தில் என்று எண்ணிக்கொண்டு திரும்பி வாருங்கள்.

உடுப்பு: முழுக்கைச் சேட், காற்சட்டை, தொப்பி, கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு, கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு மாஸ்க், பாத்திரம் கழுவுகிற ரப்பர் கையுறை. கண்ணாடி இல்லாமல் போகாதீர்கள், மேலே இருந்து விழுவது நேரே முகத்துக்குத்தான் வரும். சேட்டின் கைநுனியைக் கையுறைக்குள் விடுங்கள். சாரம் கட்டிக்கொண்டு இந்த வேலைக்குப் போன ஒருவரை எனக்குத் தெரியும், அந்தக் கதை இங்கே வேண்டாம்.

காற்று: மாரியில் வாடைக்காற்று கடற்பக்கத்திலிருந்து வரும், அதனால் பெரும்பாலும் கடலுக்கு முதுகு காட்டி, மரத்துக்குக் கிழக்கே நின்றால் மயிர் உங்களை விட்டு விலகிப் போகும். ஆனால் விடியற்காலையில் சில நாள் காற்று வாவிப் பக்கத்திலிருந்து, தரையிலிருந்து கடலுக்கு வீசும். சந்தேகம் என்றால் ஒரு ஊதுபத்தி கொளுத்திப் புகை போகிற திசையைப் பாருங்கள். புகை போகிற பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது, அந்தப் பக்க யன்னல்களைச் சாத்துங்கள், கொடியில் உடுப்பு இருந்தால் எடுத்துவிடுங்கள், கிணற்றுக்கு மூடி இல்லாவிட்டால் ஒரு தகரம் போட்டு மூடுங்கள். நான் முதல் வருடம் கோட்டைவிட்டது இந்த இடத்தில்தான்.

இப்போது வேலை. ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி பாத்திரம் கழுவுகிற திரவம் கலந்து, கையால் அமுக்கிப் பீச்சுகிற போத்தலில் ஊற்றுங்கள். கூட்டத்தின் மேல் மெதுவாக, மேலிருந்து கீழாக, மயிர் முழுக்க உடம்போடு ஒட்டுகிற வரை நனையுங்கள். அவசரப்பட வேண்டாம், நனைந்த மயிர் பறக்காது, இந்த வேலையில் பாதுகாப்பு என்பது அதுதான். வெறும் தண்ணீர் மயிரில் உருண்டு ஓடிவிடும், சவர்க்காரம் போட்டால்தான் உள்ளே இறங்கும்.

பிறகு அகலமான பேசினில் மூன்று விரல் ஆழத்துக்குச் சவர்க்காரத் தண்ணீர் எடுத்து, அதன் விளிம்பை மரத்தோடு அணைத்துப் பிடிக்க ஒருவர் வேண்டும். மற்றவர் தட்டையான மட்டைத் துண்டாலோ பழைய தும்புத்தடியாலோ மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக வழித்துப் பேசினுக்குள் இறக்க வேண்டும். அடிக்காதீர்கள், நசுக்காதீர்கள், நசுங்கினால் பட்டை முழுக்க மயிர் அப்பிக்கொள்ளும், அந்த மரத்தில் பிறகு கைவைக்க முடியாது. கீழே விழுந்து ஓடுவதை அடுத்தவர் குறட்டால் எடுத்துப் போடலாம். ஒரு கூட்டத்துக்குப் பத்து நிமிடம்.

தலைக்கு மேலே இருக்கிற கூட்டத்துக்குக் கொக்கத்தடி நுனியில் ஈரச் சீலையை உருண்டையாகச் சுற்றிக் கட்டி வழிக்கலாம், கீழே தார்ப்பாய் விரித்து அதன் மேல் விழட்டும், நீங்கள் நேர் கீழே நிற்காமல் தள்ளி நின்று இழுங்கள். அதற்கும் மேலே என்றால் விடுங்கள். முருங்கையில் ஏறவே ஏறாதீர்கள், ஏணியும் சாத்தாதீர்கள். சொல்லாமல் முறியும் மரம் அது, வேதாளத்துக்குத்தான் சரி. மேலே இருப்பது நாளைக்கோ மறுநாளோ கீழே வரும்.

கீழே வருவதைப் பிடிக்க, நெஞ்சளவு உயரத்தில் அடிமரத்தைச் சுற்றிப் பழைய சணல் சாக்கை ஒரு முழ அகலத்துக்குக் கட்டி, மேல் பாதியைக் கீழே மடித்துவிடுங்கள், பாவாடை மாதிரி. பகலில் ஒதுங்க இடம் தேடுவது அந்த மடிப்புக்குள் போய்ப் படுக்கும். காலையில் மடிப்பை நனைத்து, தூக்கி, வழித்தால் சரி. ஒரு நாள் பார்க்காமல் விட்டால் அது பொறி இல்லை, அவற்றுக்கு நீங்கள் கட்டிக்கொடுத்த வீடு. கிறீஸ் பூசுகிறவர்களும் இருக்கிறார்கள். பூசுவதென்றால் முதலில் பொலித்தீனைச் சுற்றி அதன் மேல் பூசுங்கள், பட்டையில் நேரே பூசினால் மரம் வாடும்.

பேசினில் சேர்ந்ததை அடுத்த நாள் வரை மூடி வையுங்கள். செத்த பிறகும் மயிர் சுணைக்கும், அது உயிரோடு சம்பந்தப்பட்டதில்லை. கிணற்றிலிருந்து தூரத்தில், இரண்டு அடி ஆழக் கிடங்கில் ஊற்றி மண் போட்டு மூடுங்கள். எரிக்க வேண்டாம், ஏன் என்று மேலே சொல்லிவிட்டேன். வேலை முடிந்ததும் அடிமரத்துக்கு ஹோஸால் தண்ணீர் அடித்துக் கழுவி, உங்கள் உடுப்பை வீட்டுக்குள் கொண்டு போகாமல் வெளியிலேயே கழற்றிச் சுடுதண்ணீரில் தனியாகத் துவையுங்கள்.

ஐந்து தொடக்கம் ஏழு காலை இதைச் செய்ய வேண்டிவரும். முதல் நாள் வாளிக்கணக்கு, மூன்றாம் நாள் கைப்பிடி, பிறகு ஒன்றிரண்டு. என் மரத்தில் நான்காம் நாள் தகரத்தில் சத்தம் நின்றுவிட்டது.

நஞ்சு ஏன் வேண்டாம் என்கிறேன்

மாமியின் மருமகன் வயலுக்கு வைத்திருந்த மருந்தில் மிச்சம் இருக்கிறது, தெளிகருவியோடு வந்து அடித்துத் தருகிறேன் என்றார். நல்ல மனம்தான். ஆனால் வீட்டுத் தெளிகருவி அந்த உயரத்துக்கு எட்டாது, எட்டினது காற்றோடு அடித்தவர் தலையிலேயே வந்து விழும். அடுத்தது, முருங்கை இலையும் பூவும் காயும் நாங்கள் சுண்டித் தின்கிறோம், அயலில் பிள்ளை பெற்ற வீட்டுக்கும் அந்த இலையைத்தான் கொடுத்து அனுப்புகிறோம். வயல் மருந்து முருங்கைக்கென்று அளந்து எழுதப்பட்டதில்லை, எத்தனை நாள் கழித்துத் தின்னலாம் என்று போத்தலில் இருக்காது. மூன்றாவதுதான் பெரிய விஷயம். கரையோரத்தில் எங்கள் மண் வெறும் மணல், கிணற்றில் தண்ணீர் சில அடிக் கீழேயே நிற்கிறது, மாரியில் கையால் அள்ளலாம். மரத்தடியில் ஊற்றுவது மருந்தோ, மண்ணெண்ணெயோ, பழைய என்ஜின் ஓயிலோ, எதுவானாலும் சுற்றிக் கிணற்றுக்குத்தான் வரும். மரத்தில் துளை போட்டு மருந்து வைக்கச் சொல்லுகிறவர்களும் உண்டு, தின்கிற மரத்தில் அதை நினைக்கவே வேண்டாம்.

உங்கள் நிலைமை கைமீறிவிட்டது, வரிசையாகப் பத்து வளவில் இருக்கிறது என்றால் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள், அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழையுங்கள். போகும்போது ஒரு புழுவைப் போத்தலில் போட்டுக் கொண்டு போனால் பேச்சு சுருக்கமாக முடியும்.

மேலில் பட்டுவிட்டால்

தேய்க்காதீர்கள். சொறியாதீர்கள். பட்ட இடத்தில் சாம்பலோ மஞ்சளோ போட்டுப் பரபரவென்று உரசுவது நம் ஊர்ப் பழக்கம். ஒவ்வொரு உரசலும் மயிரை உள்ளே ஏற்றும். புழு மேலில் இருந்தால் குச்சியால் தட்டிவிடுங்கள், கையால் வேண்டாம். சேட்டைத் தலைக்கு மேலால் கழற்றாமல் பொத்தானை அவிழ்த்துக் கழற்றுங்கள், தலையால் எடுத்தால் மயிர் கண்ணுக்குப் போகும். பிறகு ஒட்டு டேப்பை எடுத்துப் பட்ட இடத்தில் மெதுவாக ஒட்டிச் சடாரென்று இழுங்கள், ஒவ்வொரு தரமும் புதுத் துண்டு, பத்துத் தரமாவது. டேப்பை வெளிச்சத்தில் பிடித்தால் மயிர் தெரியும். அதற்குப் பிறகுதான் சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவ வேண்டும், துவாயால் துடைக்காமல் காய விடுங்கள். ஐஸைச் சீலையில் சுற்றி வைத்தால் எரிவு தணியும். கலமைன் பூசலாம். கடி அடங்காவிட்டால் அலர்ஜிக்கான குளிசை ஒன்றைப் பார்மசியில் கேட்டு எடுங்கள், சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் டொக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

கண்ணில் பட்டால் கதை வேறு. கசக்காமல், சுத்தமான தண்ணீரால் நன்றாகக் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரியில் கண்ணைக் காட்டுங்கள், நாளைக்குப் பார்ப்போம் என்று விடக் கூடாது. அந்த மயிர் கண்ணுக்குள் உள்ளே உள்ளே போகக்கூடியது, எரிவு குறைந்தாலும் போனதாக அர்த்தம் இல்லை. மூச்சு இழுக்கக் கஷ்டம், உதடு அல்லது முகம் வீங்குதல், தலைச்சுற்று என்றால் வீட்டு வைத்தியம் ஒன்றும் வேண்டாம், 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

மாரி முடிந்த பிறகு

புழு மரத்தில் இல்லை என்றால் போய்விட்டது என்று இல்லை. மண்ணிலும் சருகிலும் கூட்டுக்குள் கிடக்கும், அடுத்த மழைக்குக் காத்துக்கொண்டு. பெப்ரவரியில் மண் காய்ந்ததும் மரத்தைச் சுற்றிக் கொப்பு விரிந்திருக்கிற அளவுக்குச் சருகை வாரிவிட்டு, மண்வெட்டியால் இரண்டு மூன்று அங்குலம் கிளறிவிடுங்கள். மணல் மண்ணில் அரை மணித்தியால வேலை. கையுறை இப்போதும் வேண்டும், பழைய தோலிலும் கூட்டிலும் மயிர் இருக்கும். கிளறினதும் கோழியைத் திறந்துவிடுங்கள். மரத்தில் இருந்தபோது முகம் திருப்பின அதே கோழி கூட்டுப்புழுவைத் தேடித் தேடிக் கொத்தும்.

கடைசி வேலை செப்டெம்பரில், காய் பறித்து முடிந்து மழை தொடங்குவதற்கு முன்னால். மரத்தை நாலடி ஐந்தடி உயரத்தில் சாய்வாக வெட்டிவிடுங்கள், வெட்டின முகத்தில் சாணம் பூசுவார்கள் எங்கள் பக்கத்தில். நெஞ்சு பதறும், முதல் வருடம் எனக்கும் பதறியது, ஆனால் முருங்கை வெட்ட வெட்டத் துளிர்க்கிற சாதி, புதுக் கொப்பில் காயும் நன்றாகப் பிடிக்கும். நமக்கு வேண்டியது அடுத்த மாரியில் முழு மரமும் கையெட்டும் உயரத்தில் நிற்பது. காற்றுக்கும் நல்லது. மாமிக்கு எல்லாக் கணக்கும் 1978 நவம்பர்ச் சூறாவளியிலிருந்துதான் தொடங்கும், "அதில நிண்டதெல்லாம் கட்டை மரந்தான் மனே" என்று சொல்லிக்கொண்டே வெட்டின கொப்புகளில் நேரான இரண்டை எடுத்துக்கொண்டு போனார்.

நாலடி நீளத்தில், கைமணிக்கட்டுத் தடிப்பில் வெட்டி, ஒன்றரை அடி மண்ணுக்குள் இறக்கினால் அந்தக் கொப்பே மரமாகும். நடுவதென்றால் கிணற்றடியிலும் உடுப்புக் கொடிப் பக்கத்திலும் வேண்டாம், மேற்கு வேலியோரமாக வையுங்கள், வாடைக்காற்றில் மயிர் வீட்டுக்கு வராது. மாமி கிழக்கு மூலையில் நட்டிருக்கிறார், எங்கள் வேலிக்கு இரண்டு முழம் தள்ளி. இன்னும் அதைப் பற்றிப் பேசவில்லை, ஒக்டோபருக்கு முன்னால் பேச வேண்டும்.